அடிபடாத விரல்

அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. பயம்தான் காரணம். இப்போது அவர் ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். பேத்தி கையில் கிடைத்ததையெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டுகிறாள் என்று கேள்வி. நான் எழுதுவதில் ஒரு விவரம் பிசகியிருந்தாலும் போன் வந்துவிடும். "பாப்பா, அன்னைக்கு நீ கட்டியிருந்தது பச்சைப் பொடவை இல்ல, ஊதா" என்றுதான் ஆரம்பிப்பார், நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். அதனால் எல்லோரும் கூப்பிட்டதைப் போல நானும் அக்கா என்றே சொல்லிவிடுகிறேன். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், என் மாமியார் உட்பட.

மாமியார் வீடு காரிமங்கலத்துக்குப் பக்கத்தில். வீட்டை ஒட்டி சிமெண்ட் ஷீட் போட்ட பெரிய கொட்டகை. தை கடைசியில் புளி வர ஆரம்பித்தால் சித்திரை வரைக்கும் அங்கே பெண்கள் உட்கார்ந்து வேலை செய்வார்கள். வேலை இரண்டு வகை. பழத்தின் ஓட்டை உடைத்து நாரை உரித்துப் போடுவது ஒன்று. உரித்த பழத்தைக் கல்மேல் வைத்து, சின்ன இரும்புத்தடியால் தட்டிக் கொட்டையை வெளியே தள்ளுவது இன்னொன்று. இந்த இரண்டாவது வேலைக்குத்தான் மதிப்பு. 'கல்லுல ஒக்கார்றது' என்பார்கள். இடது கை பழத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும், வலது கை அடித்துக்கொண்டே இருக்கும். புதிதாகக் கல்லில் உட்காருகிறவர்கள் முதல் வாரம் பழத்தை அடிப்பதைவிட விரலை அடித்துக்கொள்வதுதான் அதிகம். அடிபட்ட இடத்தில் புளியும் பட்டால் எப்படி இருக்கும் என்பதை நான் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு டீ போட்டுக் கொடுக்கும் வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அக்கா ஒரு நாளும் விரலில் அடித்துக்கொண்டதில்லை. "கல்யாணமாயி வந்ததுல இருந்து கல்லுல ஒக்கார்றன். விரல்ல பட்டதே இல்ல" என்பார். அதில் பெருமையே தெரியாது. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குச் சொல்வதைப் போலச் சொல்வார். அடிக்கும்போது கல்லைப் பார்க்கவும் மாட்டார். ரோட்டில் யார் போகிறார்கள், யார் வீட்டு மாடு யார் காட்டில் மேய்கிறது என்றுதான் கண் இருக்கும். கை தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். பார்க்கிற நான்தான் என் விரல்களை மடக்கிக்கொள்வேன்.

அவருக்கு ஒரு குணம் உண்டு. தப்பான தகவல் காதில் விழுந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. பொய் பிடிக்காதவர் என்று சொன்னால் அது ஏதோ உயர்ந்த கொள்கை மாதிரி ஆகிவிடும். அப்படியெல்லாம் இல்லை. தலையில் பேன் ஊர்வதைப் போலத்தான், சொறிந்தால்தான் அடங்கும்.

நான் மருமகளாக வந்த முதல் வாரம். மாமியார் என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம், "பையன் இஞ்சினீரு முடிச்சவன். யாவாரத்தைப் பாத்துக்கணும்னு இங்கியே இருந்துட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் முறத்தோடு போய்க்கொண்டிருந்த அக்கா நின்றார். "ரெண்டு பேப்பரு பாக்கி இருக்குதுங்க" என்றார். சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் அப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு பேப்பர் இன்றைக்கும் பாக்கிதான்.

இன்னொரு தடவை பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். கூடியிருந்தவர்கள் வழக்கப்படி அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். "யாரையும் அதிந்து ஒரு வார்த்தை பேசுனவரு இல்ல" என்றார் ஒருவர். அக்கா மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "கத்துவாருங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெருவே கேக்குற மாதிரி கத்துவாரு. ஆனா கத்தி முடிச்ச அடுத்த நிமிசம் சோறு துன்னியான்னு கேப்பாரு." அதுவரை பிரமை பிடித்தவரைப் போல உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவரின் மனைவி, "ஆமாக்கா, கத்துவாரு" என்று சொல்லி அப்போதுதான் வாய்விட்டு அழ ஆரம்பித்தார். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு அக்காவைப் பிடித்துப்போனது. பயமும் போகவில்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஒரு மாசி மாதத்தில் இடது கை நடுவிரல் நீலமாகிப்போனது.

காலையில் நன்றாகத்தான் இருந்தது. டீ எடுத்துக்கொண்டு நான் கொட்டகைக்குப் போனபோது, விரலின் உள்பக்கம் அடியிலிருந்து நடுக்கணு வரைக்கும் நாவல்பழ நிறத்தில் வீங்கியிருந்தது. அக்கா அதைப் புதிதாக வந்து சேர்ந்த விருந்தாளியைப் பார்ப்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி ஏழெட்டுப் பேர்.

"அடிச்சிக்கினியாக்கா?"

"அடிக்கல. சுருக்குன்னு குத்துச்சு, அப்பறம் எரிஞ்சுது, பாத்தா இப்பிடி."

புளிக்குவியலில் தேள் இருக்கும் என்று ஒருத்தி சுண்ணாம்பு எடுத்து வர ஓடினாள். தேள் கொட்டியிருந்தால் இந்நேரம் நான் உங்களோடு பேசிக்கொண்டிருப்பேனா என்று அக்கா கேட்டார். எல்லோரும் யோசித்துப் பார்த்து, அப்படியானால் அடிதான் என்று முடிவுக்கு வந்தார்கள். கல்லில் உட்கார்ந்திருக்கிறவரின் இடது கை விரல் நீலமாக இருந்தால் அந்தக் கொட்டகையில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மாமியார் அவரைக் கட்டாயப்படுத்தி உள்ளூர் டாக்டரிடம் அனுப்பினார். ஸ்கூட்டியில் கூட்டிப் போனது நான். டாக்டர் பார்த்துவிட்டு, எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்புக்கு ஒண்ணும் இல்ல, சதையில அடி" என்றார்.

"அடி படலைங்க."

"தெரியாம பட்டிருக்கும்மா."

"எனக்குத் தெரியாம என் கையில வந்து யாருங்க அடிச்சிட்டுப் போவாங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். தடவிக்கொள்ள மருந்து எழுதிக் கொடுத்தார். அக்கா அதைத் தொடவே இல்லை. அடிக்குத் தடவுகிற மருந்தைத் தடவினால் அடிபட்டதை ஒத்துக்கொண்டதாகிவிடுமாம். மூன்றாம் நாள் விரல் மஞ்சளாகிப் பிறகு இருந்த சுவடே இல்லாமல் போய்விட்டது.

பங்குனியில் இரண்டாவது தடவை வந்தது. இந்த முறை வலது கை ஆள்காட்டி விரல். எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது, ஏனென்றால் வலது கைதான் தடியைப் பிடித்திருக்கிறது. அது தன்னைத்தானே எப்படி அடித்துக்கொள்ளும்? அக்காவும் அதையேதான் கேட்டார். கொட்டகையில் அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். தடி வழுக்கிக் கல்லுக்கும் தடிக்கும் நடுவில் விரல் மாட்டியிருக்கும். ஒருத்தி மட்டும், "அக்கா இப்ப இடது கையாலயும் அடிக்கிறாங்களோ என்னமோ" என்றாள். சிரிப்பு எழுந்தது. அக்கா சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் மாமியார் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ரொம்பவும் பிரியமாகத்தான் பேசினார். "வயசாவுதில்லக்கா. நானே ஊசில நூல் கோக்க மாட்டாம நிக்கறன். ரெண்டு வருசம் நாரெடுங்க. கூலியில கொறைக்க மாட்டன். கல்லுல வேற ஆளைப் போட்டுக்கலாம்."

"அடி படலைங்க."

"சரிங்கக்கா, படல. நாரெடுங்க."

அந்த 'சரிங்கக்கா, படல'தான் அவரைச் சாய்த்தது. அதுவரைக்கும் எல்லோரும் அவரோடு வாதாடினார்கள், அவரும் வாதாடினார், அது அவருக்குப் பழக்கமான விஷயம். அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை. "ஆமாக்கா, படலக்கா" என்று, சோறு வேண்டாம் என்கிற குழந்தைக்குத் தலையாட்டுவதைப் போலத் தலையாட்டினார்கள். ஊரில் யாரைப் பற்றிய தப்பான தகவலானாலும் திருத்துகிறவர் அவர். இப்போது அவரைப் பற்றியே ஒரு தப்பான தகவல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தது, அதைத் திருத்த அவரிடம் எதுவும் இல்லை. நார் எடுக்கும் வரிசையில், கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ரோட்டைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். யார் மாடு எங்கே மேய்ந்தாலும் கேட்க ஆளில்லாமல் போனது. எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அந்தச் சித்திரையில் தருமபுரியில் ஒரு கல்யாணம். மாமியார் முந்தின நாளே போய்விட்டார். நானும் அக்காவும் பஸ்ஸில் போனோம். கூட்டம். எனக்கு உட்கார இடம் கிடைத்தது. அக்கா என் பக்கத்தில் சீட்டுக் கம்பியைப் பிடித்து நின்றார், நான் எழுந்து இடம் கொடுத்தும் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். பாதி வழியில் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு உதறினார். பிறகு கையை விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

இடது கை, அதே நடுவிரல். அடிப்பக்கத்தில் ஒரு இடம் முதலில் மொச்சைக்கொட்டை அளவு புடைத்தது. பிறகு சிவந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் அங்கிருந்து மேலே ஏற ஆரம்பித்தது. அக்கா முகத்தில் இரண்டு மாதமாகக் காணாத வெளிச்சம்.

"பாத்துக்கினியா பாப்பா? நல்லாப் பாத்துக்க."

"அக்கா, வலிக்குதா?"

"வலி கெடக்குது. தடி எங்க இருக்குது, சொல்லு."

"இல்லக்கா."

"கல்லு?"

"அதுவும் இல்லக்கா."

ஒரு சாட்சி போதாது என்று நினைத்தாரோ என்னவோ, "கண்டக்டர் தம்பி, இங்க வா, இதைப் பாரு" என்று கூப்பிட்டார். கண்டக்டர் பார்த்துப் பதறிப்போனார். "கதவுல நசுங்கிருச்சாம்மா? கம்ப்ளெயிண்டு கிம்ப்ளெயிண்டு குடுத்துராதீங்க, டிரைவரண்ணன் புள்ளகுட்டிக்காரரு."

"நசுங்கல. கதவு எங்க இருக்குது, நான் எங்க நிக்கறன்?"

கண்டக்டர் தூரத்தைக் கண்ணால் அளந்து பார்த்துவிட்டு, "நசுங்கலதாம்மா" என்று ஒத்துக்கொண்டார். அந்தத் தம்பிக்கு அக்கா பிற்பாடு பல தடவை நன்றி சொல்லியிருக்கிறார், பாவம், எதற்கென்று அவருக்குப் புரிந்திருக்காது.

கல்யாணத்துக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். "தாலி கட்டுறதை வீடியோவுல பாத்துக்கலாம், இது நெறம் மாறிருச்சுன்னா எங்க போயி பாக்கறது?" என்றார். பட்டுப்புடவையோடு ஓ.பி. வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ரத்த ஓட்டம் நின்று விரலை எடுத்துவிட்டவர்கள் கதையெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. அக்கா விரலை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, யாரும் தட்டிவிடாமல் பார்த்துக்கொண்டார். யாராவது இடித்தால் அப்புறம் அதுதான் காரணம் என்று ஆகிவிடும் அல்லவா.

டாக்டர் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். விரலைப் பார்த்ததும் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். மணிக்கட்டில் நாடி பார்த்தார். விரல் நுனியை அழுத்தி விட்டுப் பார்த்தார். நுனியும் நகமும் மட்டும் ஒன்றும் ஆகாமல் எப்போதும் போல இருந்தன, அதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

"மொதல்ல வலி, அப்பறம் நீலமா?"

"ஆமாங்க."

"ரெண்டு மூணு நாள்ல தானாவே போயிருதா?"

"போயிருதுங்க."

"ரத்தம் ஒறையாம இருக்கறதுக்கு மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

"தலைவலிக்குக்கூட எதுவும் போடறதில்லீங்க."

ரத்தம் எடுத்தார்கள், கைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மத்தியானத்துக்கு மேல் மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த டாக்டர் கொஞ்சம் சந்தோஷமாகவே பேசினார். படிக்கிற காலத்தில் இப்படி ஒருவரைப் பார்த்தாராம், அதற்குப் பிறகு இப்போதுதான். நோய்க்கு ஏதோ வெளிநாட்டுப் பெயர் சொன்னார், எனக்கு வாயில் நுழையவில்லை.

"தோலுக்கு அடியில சின்ன ரத்தக்குழாய் ஒண்ணு திடீர்னு கசிஞ்சிருது. அம்பது வயசுக்கு மேல பொம்பளைங்களுக்கு அபூர்வமா வரும். பாக்கத்தான் பயங்கரம், ஆபத்து கெடையாது. மருந்தும் வேண்டாம். விரல் வெளுத்து சில்லுனு ஆனாலோ, ஒரு வாரத்துல போகலைன்னாலோ மட்டும் வாங்க. பயப்படாதீங்க."

"பயப்படலைங்க" என்று திருத்தினார் அக்கா. "அப்ப இது அடி இல்லைதானுங்களே?"

"அடிபட்டுத்தான் வரணும்னு இல்லம்மா."

"அது வேறீங்க. அடிபட்டுத்தான் வரணும்னு இல்லங்கறது வேற, அடி படலங்கறது வேற."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க சொல்றதைப் பாத்தா அடி படலம்மா. இது தானா வர்றது."

அக்கா என் போனை வாங்கினார். அப்போது அவருக்குப் போன் செய்யத் தெரியாது, என் மாமியார் நம்பரைப் போடச் சொல்லி, ஸ்பீக்கரிலும் போடச் சொல்லி, டாக்டர் முன்னால் மேஜைமேல் வைத்தார். "இதையே அவங்களுக்கு ஒருக்கா சொல்லிருங்க." வெளியே அத்தனை பேர் காத்திருக்க, அந்த மகராசி முகம் மாறாமல் போனைப் பார்த்து, "அம்மா, இவங்க கையில அடி படலைங்க" என்றார்.

மறுமுனையில் கல்யாண வீட்டு நாதஸ்வரம் கேட்டது. மாமியார் போனோடு சத்தமில்லாத இடத்துக்கு நகர்வது தெரிந்தது. பிறகு, "அப்ப சரி. திங்கக்கெழம கல்லுல ஒக்காரச் சொல்லுங்க" என்றார். யாரிடம் பேசுகிறோம் என்று கடைசிவரை மாமியார் கேட்கவே இல்லை.

திங்கட்கிழமை கல்லில் உட்கார்ந்தார். கொட்டகை பூராவும் அவர் நோயைப் பற்றித்தான் பேச்சு. லட்சத்தில் ஒருத்தருக்கு வருமாம் என்று யாரோ சொன்னதற்கு, "லச்சம்னு டாக்டரம்மா சொல்லல, அபூர்வம்னுதான் சொன்னாங்க" என்றார். மாடுகளும் மறுபடி ஒழுங்காக மேய ஆரம்பித்தன.

இதில் ஒரு சங்கடம் முளைத்தது. யார் விரலில் அடித்துக்கொண்டாலும், "எனக்கும் அக்காவுக்கு வந்ததுதான் வந்திருக்குது" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். முந்தின வாரம் சேர்ந்த புதுப்பெண்கூட அதையே சொன்னாள். அக்கா வேலையை நிறுத்திவிட்டுப் போய் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். "நகம் கறுத்துக் கெடக்குது. இது அடி. போயி தண்ணியில வையி." பல பேருக்கு அதில் மனவருத்தம். நோய் ஒருவருக்கு மட்டும் சொந்தமா என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் பங்குனி. கொட்டகை வாசலில் மாமியார் மூட்டைகளை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். அக்காவின் கல்லில் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். விரலை இன்னொரு கையால் பொத்திப் பிடித்திருந்தார்.

"வந்திருச்சாக்கா?" என்றாள் பக்கத்துக் கல்லில் இருந்தவள், குரலில் ஒரு மரியாதையோடு.

மாமியாரும் எட்டிப் பார்த்தார். "வந்திருச்சா? எந்திரிச்சு வூட்டுக்குப் போங்க. ரெண்டு நாள்ல சரியாயிரும், அதான் டாக்டரம்மாவே சொல்லிட்டாங்களே."

சந்தேகப்பட அங்கே ஒருவரும் இல்லை. அவர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, எழுந்து வீட்டுக்குப் போனால் போதும். எனக்கு அது தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது, அதை நான் அவர் முகத்தில் பார்த்தேன்.

"இல்லீங்க" என்றார். "அடிச்சிக்கினன்."

யாரோ சிரித்தார்கள். "வெளையாடாதக்கா."

"வெளையாடல. தடி விரல்ல பட்டுது."

சிரிப்பு நின்றது. மாமியார் மூட்டையை விட்டுவிட்டு உள்ளே வந்தார். "சரி வுடுங்கக்கா, யாருக்குத்தான் படல" என்றார். அக்கா தடியைக் கல்மேல் வைத்தார். எழுந்து, யாரும் சொல்லாமலே நார் எடுக்கிற வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்.

நான் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் விரலை அதில் வைத்தேன். "ஏங்க்கா, பேசாம இருந்திருக்கலாமில்ல? எல்லாரும் அந்த நோவுன்னுதான் நெனச்சாங்க."

"இன்னைக்கு இதை நோவுன்னு சொல்லிட்டா, அன்னைக்கு நான் சொன்னதும் பொய்யின்னு ஆயிரும் பாப்பா."

அக்காவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், "ரொம்ப வலிக்குதாக்கா?" என்று கேட்டேன்.

"வலிக்கு அழுவல. கல்லு போயிருச்சேன்னு அழுவறன்" என்று திருத்திவிட்டு, அழுதார்.